ஓக் நிழலில் ஏழாண்டுப் பூ

மே மாதம் பிறந்த புதிதில் மாசசூசெட்ஸ் காட்டுக்குள் நுழைந்தால் நிழல் இருக்காது. ஓக் மரங்கள் மொட்டையாகவே நிற்கும். மேப்பிளில் மட்டும் சிவப்புத் துளிர் எட்டிப் பார்க்கும். வெயில் தடையில்லாமல் இறங்கி, போன வருடத்துச் சருகின் மேல் விழும். அந்தச் சருகைக் கிழித்துக்கொண்டு பூக்கள் எழுந்து நிற்கும். வெள்ளை, மஞ்சள், வெளிர் ஊதா, கறுத்த சிவப்பு. முழங்கால் உயரம்கூட இல்லாத செடிகள். இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் ஓக் இலை விரித்துவிடும். தரைக்கு வரும் ஒளியில் பெரும்பகுதி மேலேயே நின்றுவிடும். அதற்குள் இலை விட்டு, பூத்து, அடுத்த வருடத்துக்கான உணவில் பெரும்பங்கைக் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். டிரவுட் லில்லி போன்ற சில செடிகள் ஜூன் முடிவதற்குள் தரைக்கு மேல் தடமே இல்லாமல் மறைந்துவிடுகின்றன.

என் மகள் பாஸ்டனுக்கு மேற்கே குடியிருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் பெரிய ஓக் மரங்கள். அவற்றின் அடியில் ஆண்டுதோறும் புல்விதை தூவுவதும், கோடை முடிவதற்குள் அது வெளிறிச் சாவதும் வழக்கமாகிவிட்டது. நான் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போனில் சொல்லிவிட்டாள்: "அப்பா, பின்னாடி நிழல்ல புல்லே நிக்க மாட்டேங்குது. நீங்க வந்துதான் ஏதாவது பூச்செடி வைக்கணும்." விதை போட்டு வளர்ப்பதில் எனக்குச் சிறுவயது முதலே தீராத ஆசை. கடைக்குப் போய்ச் செடி வாங்குவதற்கு முன், அந்த மண்ணின் நிழலில் இயல்பாக எது பூக்கிறது, அது விதையிலிருந்து எப்படி எழுந்து வருகிறது என்று பார்த்துவிட நினைத்தேன்.

பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் தடத்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கான்கார்டு. ஊருக்கு வருகிறவர்களில் பலர் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ குடிசை போட்டு வாழ்ந்த வால்டன் குளத்துக்குப் போகிறார்கள். நான் வடக்கே எஸ்டாபுரூக் காட்டுக்கு நடந்தேன். தோரோ நடந்து பழகிய காடுகளில் அதுவும் ஒன்று. 1850-களில் அவர் கான்கார்டைச் சுற்றி நூற்றுக்கணக்கான செடிகள் எந்தெந்த நாளில் முதல் பூ விட்டன என்று குறித்துவைத்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பிரிமாக்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஊரில் அதே பூக்களைத் தேடினார்கள். பல வசந்தப் பூக்கள் தோரோ காலத்தைவிட ஒரு வாரமோ அதற்கு மேலோ முந்திப் பூக்கின்றன. அன்று இருந்த செடி வகைகளில் சுமார் 27 சதவீதம் அந்த ஊரிலிருந்தே போய்விட்டன. மரங்கள் இலை விடும் நாளோ பூக்களின் நாளைவிட வேகமாக முன்னால் நகர்கிறது என்று 2019-இல் வந்த ஆய்வு சொல்கிறது. தரைச் செடிகளுக்குக் கிடைக்கும் வெயில் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் கல் சுவர்கள் தென்பட்டன. சாந்து இல்லாமல் அடுக்கிய தாழ்ந்த சுவர்கள், மரங்களுக்கிடையே எதையும் காக்காமல் நீண்டு கிடக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மாநிலத்தின் பெரும்பகுதி வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்தது. பிறகு விவசாயிகள் மேற்கே நல்ல மண்ணையும் நகரத்து ஆலைகளையும் தேடிப் போனார்கள். விட்டுப்போன வயலில் பைன் முளைத்தது, ஓக் முளைத்தது. இன்று மாநிலத்தில் பாதிக்கு மேல் காடுதான். பார்க்கவே மனம் நிறைகிறது.

ஆனால் குனிந்து தரையைப் பார்த்தால் கணக்கு வேறு. கனடா மேஃபிளவர் என்ற சின்னச் செடி பாய் விரித்ததுபோல் பரவியிருக்கிறது. அதன் பழத்தைப் பறவையும் அணிலும் தின்று தூரத்தில் போடும். கிழங்கும் மண்ணுக்கடியில் ஓடும். ட்ரில்லியம், பிளட்ரூட், ஹெப்பாட்டிகா, காட்டு இஞ்சி ஆகியவற்றின் விதையைப் பறவை சுமப்பதில்லை. அவற்றின் விதையைச் சுமப்பவை எறும்புகள். எறும்பு கொண்டுபோகும் தூரம் பெரும்பாலும் ஓரிரு மீட்டர். விதை முளைத்துச் செடி பூத்து மறுபடி விதை விட ஏழெட்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டால், நூறு ஆண்டில் ஒரு ட்ரில்லியம் குடும்பம் அதிகம் போனால் சுமார் இருபத்தைந்து மீட்டர் நகரும். எப்போதாவது ஒரு மான் பழத்தைத் தின்று தொலைவில் போட்டால்தான் அதற்கு மேல். ஏர் பட்ட நிலத்தில் மரம் திரும்பி வந்து ஒரு நூற்றாண்டு ஆன பிறகும் இந்தப் பூக்கள் வராமல் இருப்பது அதனால்தான். வெட்டாமல் விட்ட ஓடைக்கரையிலும் பாறைச் சரிவிலும் அவை காத்திருக்கின்றன. சுவருக்கு இந்தப் பக்கம் அவை விரைவில் வர வேண்டுமென்றால் மனிதக் கைதான் விதைக்க வேண்டும்.

தோரோ தம் கடைசி ஆண்டுகளை விதைகள் எப்படி இடம் மாறுகின்றன என்ற ஆராய்ச்சியில் செலவிட்டார். 1860 செப்டம்பரில் கான்கார்டு விவசாயிகள் முன் அதைப் பற்றிப் பேசினார். காற்றும் அணிலும் பறவையும் காட்டை விதைக்கின்றன என்று விளக்கினார். 1862-இல் இறந்துவிட்டார். அந்த ஆராய்ச்சியின் நீண்ட கையெழுத்துப் படி 1993-இல்தான் நூலாக வந்தது.

கான்கார்டிலிருந்து ஃபிரேமிங்ஹாம் தெற்கே பக்கத்தில்தான். அங்கே இருக்கிறது 'கார்டன் இன் தி வுட்ஸ்'. வில் கர்டிஸ் என்ற தோட்டக் கலைஞர் 1931-இல் இங்கே 30 ஏக்கர் காட்டு நிலம் வாங்கினார். பனிப்பாறைகள் உருகிப் போனபோது விட்டுச்சென்ற மேடும் பள்ளமும் குட்டையுமான நிலம். மரங்களை அப்படியே விட்டு, அடியில் அந்தந்த ஈரத்துக்கும் நிழலுக்கும் ஏற்ற காட்டுப் பூக்களைச் சேர்த்துக்கொண்டே போனார். 1965-இல் தோட்டத்தை நியூ இங்கிலாந்து வைல்ட் ஃபிளவர் சொசைட்டியிடம் ஒப்படைத்தார். 1900-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் இன்றைய பெயர் நேட்டிவ் பிளான்ட் டிரஸ்ட். தோட்டம் இப்போது 45 ஏக்கர். விதை சேகரித்து நாற்று வளர்க்க வேட்லி என்ற ஊரில் நாசாமி பண்ணை என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்.

நான் போன நாளில் ட்ரில்லியம் உச்சத்தில் இருந்தது. மூன்று இலை, மூன்று புல்லிதழ், மூன்று இதழ். கிராண்டிஃபுளோரம் என்ற வகை தூய வெள்ளையாய் விரிந்து, வயதாக ஆக இளஞ்சிவப்பாக மாறும். ஒரே புதரில் இரண்டு நிறமும் நிற்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1937-இல் இதைத்தான் தன் பூவாக ஏற்றது. எரெக்டம் என்பது கறுத்த சிவப்பு. பக்கத்தில் குனிந்தால் அழுகிய இறைச்சியின் வாடை. ஈக்களை வரவழைக்க அந்த ஏற்பாடு. லூட்டியம் மஞ்சள், அதில் எலுமிச்சை மணம். ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு வேறுபாடா என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்று நின்று போனேன்.

அங்கே தொண்டராக வேலை செய்யும் ஒரு வயதான அம்மாள் நான் வெகுநேரம் தரையையே பார்ப்பதைக் கண்டு அருகில் வந்தார். பூவைக் காட்டாமல் பூவின் காலடியைக் காட்டினார். தாய்ச்செடியைச் சுற்றிச் சருகுக்குள் பிஞ்சுகள். புல்லின் தாள்போல ஒற்றை விதையிலை விட்டவை அந்த வசந்தத்தில்தான் தலைநீட்டிய குழந்தைகள். இதயத்தை நீட்டியதுபோல ஒரே ஒரு இலை விட்டவை அதற்கு மூத்தவை. மூன்று இலை விட்டும் பூ இல்லாமல் நிற்பவை இன்னும் மூத்தவை. நான்கு தலைமுறை ஒரு சாணுக்குள் நிற்பதைப் பார்த்த பிறகுதான் இந்தச் செடியின் காலம் எனக்கு உறைத்தது.

ட்ரில்லியம் விதைக்கு இரட்டை உறக்கம் உண்டு. ஜூலை வாக்கில் பழம் மென்மையாகி உதிரும். அப்போது மண்ணில் விழும் விதை ஒரு குளிர்காலம் முழுக்க உறங்கும். அடுத்த வெப்ப காலத்தில் வேர் மட்டும் விடும். மேலே ஒன்றும் தெரியாது. இரண்டாவது குளிர்காலம் கடந்த பிறகுதான் பச்சை தலைநீட்டும். இதை அறியாதவர்கள் முதல் வசந்தத்தில் தொட்டியைப் பார்த்து, முளைக்கவில்லை என்று கொட்டிவிடுகிறார்கள். வேர் விட்டு உயிரோடிருந்த விதைகள் குப்பைக்குப் போகின்றன. அதன் பிறகும் ஒற்றை இலையாய் ஓரிரு ஆண்டு, மூவிலையாய்ச் சில ஆண்டு. விதைத்து ஏழு ஆண்டில் பூ வந்தால் நல்ல மகசூல். பத்து ஆனாலும் ஆச்சரியமில்லை. பூக்கத் தொடங்கிய செடி பல பத்தாண்டுகள் வாழும்.

இந்த விதைகளில் பலவற்றுக்குக் காயவைப்பது ஆகாது. பலாக்கொட்டையை முளைக்கப்போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை: பழத்திலிருந்து எடுத்ததும் ஈரத்தோடு மண்ணுக்குப் போக வேண்டும். உறையில் அடைத்துக் கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த ட்ரில்லியம், ஹெப்பாட்டிகா விதை பெரும்பாலும் வீண், அல்லது உறக்கம் இன்னும் ஆழமாகி வருடக்கணக்கில் சோதிக்கும். ஹெப்பாட்டிகாவின் விதை பச்சையாக இருக்கும்போதே உதிர்கிறது. அதன் கரு உள்ளே வளர்வது உதிர்ந்த பிறகு, கோடையின் ஈரமண்ணில்தான்.

விதைகளின் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தவர்களில் நார்மன் டெனோவை நான் மிகவும் மதிக்கிறேன். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். ஆயிரக்கணக்கான செடி வகைகளின் விதைகளை ஈரக் காகிதத் துண்டில் மடித்து, பாலிதீன் பையில் போட்டு, சிலதை 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் சிலதை 21 டிகிரி வெப்பத்திலும் வைத்து, மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்து, எது எப்போது முளைத்தது என்று எழுதினார். 1991-இல் அதைத் தாமே நூலாக வெளியிட்டார். இன்று அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பிரிட்ஜும் ஒரு சமையலறை அலமாரியும் இருந்தால் யாரும் செய்யக்கூடிய ஆராய்ச்சி. ட்ரில்லியத்தை இந்த முறையில் மூன்று மாதம் குளிர், மூன்று மாதம் வெப்பம், மறுபடி மூன்று மாதம் குளிர் என்று வைத்துச் சற்று விரைவுபடுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு வெளியில் விட்டுவிடுவதே பிடிக்கிறது. பனி தானாக வரும். கணக்கை அது பார்த்துக்கொள்ளும்.

மகள் வீட்டுத் தெருவில் எதிர்வீட்டுப் பாட்டியம்மா தன் மேப்பிள் மரத்தடியில் பிளட்ரூட் வைத்திருக்கிறார். வசந்தத்தின் தொடக்கத்தில் வெள்ளையாய்ப் பூத்துச் சில நாளில் உதிர்ந்துவிடும் செடி. கிழங்கைக் கீறினால் செஞ்சாறு வடியும். ஜூனில் அதன் நீண்ட பச்சைக் காய்கள் மஞ்சளாகத் தொடங்கியதும் எங்களைக் கூப்பிட்டார். சில காய்களுக்கு மெல்லிய வலைப்பை கட்டியிருந்தார். கட்டாத ஒரு காய் எங்கள் முன்னாலேயே பிளந்தது. பளபளக்கும் அரக்கு நிற விதை, ஒவ்வொன்றின் முதுகிலும் வெண்ணிறக் கொழுப்புத் தொங்கல். கொஞ்ச நேரத்தில் முதல் எறும்பு வந்தது. பிறகு வரிசை. தன்னைவிடப் பெரிய விதையைத் தூக்கிக்கொண்டு சருகுக்குள் மறைந்தன. கூட்டில் புழுக்களுக்கு அந்தக் கொழுப்பை ஊட்டிவிட்டு விதையைக் குப்பைக்குழியில் போட்டுவிடும். எலி எட்டாத, உரம் நிறைந்த, ஈரம் காயாத இடம் அது. இதைவிட நல்ல நாற்றங்கால் எந்தத் தோட்டக்காரரும் அமைக்க முடியாது. என் பேத்தி தரையோடு முகம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

வலைப்பைக்குள் இருந்த விதைகளை அன்று மாலையே போட்டோம். ஓக் சருகு மக்கிய மண்ணும் கொஞ்சம் மணலும் கலந்து, ஒரு சென்டிமீட்டர் ஆழம், மேலே நொறுக்கிய சருகு ஒரு படலம். அணிலும் சிப்மங்கும் தோண்டாமலிருக்கத் தொட்டிமேல் கம்பிவலை. வீட்டின் வடக்குப் பக்கத்து நிழலில் வைத்தோம். கோடையில் காயவிடக் கூடாது, வேறு வேலை இல்லை. பிளட்ரூட் அடுத்த வசந்தத்திலேயே முளைக்கும். மூன்றாம் ஆண்டு வாக்கில் பூக்கும். அவசரப்படுகிறவர்களுக்குக் கொலம்பைன் இருக்கிறது: விதையை மூடாமல் இலையுதிர் காலத்தில் மண்மேல் தூவினால் போதும், இரண்டாம் வசந்தத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து ஹம்மிங்பேர்டை அழைத்து வரும். டியரெல்லா என்ற செடியின் தூசி போன்ற விதையும் அப்படித்தான், மேலே தூவி அழுத்திவிட வேண்டும்.

மண்புழுவை உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்த நமக்கு அங்கே கேள்விப்படும் செய்தி அதிர்ச்சி தரும். பனியுகத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்த அந்த வடக்கு நிலத்தில் இயல்பான மண்புழுக்கள் இல்லை. பல ஆண்டுச் சருகு அடுக்கடுக்காய்ப் படிந்து, பூஞ்சை அதை மெதுவாக மக்கவைக்க, அந்த மெத்தையில்தான் இந்தப் பூக்கள் வாழப் பழகின. ஐரோப்பாவிலிருந்து தொட்டி மண்ணோடு வந்த புழுக்களும், இப்போது ஆசியாவிலிருந்து வந்து துள்ளித் திரியும் புழுக்களும் அந்த மெத்தையைச் சில ஆண்டுகளில் தின்று தீர்க்கின்றன. விதை முளைக்க இடமில்லாமல் வெறும் மண் மிஞ்சுகிறது. அதனால் தோழிக்கு ஒரு பிடி மண்ணோடு செடி பெயர்த்துக் கொடுக்கும் நல்ல வழக்கமே ஆபத்தாகிவிட்டது. கழுவிய விதையோடு புழு வராது. விதை போட்டு வளர்ப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மான் இன்னொரு துன்பம். ட்ரில்லியத்துக்கு ஆண்டுக்கு ஒரே அடுக்கு இலைதான். மான் ஒரு கடி கடித்தால் அந்த ஆண்டின் உணவு போயிற்று, மறுபடி துளிர்க்காது. பூக்கும் செடி சுருங்கிப் பூக்காத செடியாகும். வேலி இல்லாத தோட்டத்தில் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது தோண்டி விற்பது. அப்பலாச்சியன் மலைக் காடுகளிலிருந்து பூக்கும் வயதுள்ள ட்ரில்லியங்களைக் கூட்டம் கூட்டமாகத் தோண்டி மலிவாக விற்கும் வியாபாரம் நெடுங்காலமாக நடக்கிறது. ஒரு பருவம் தொட்டியில் வைத்திருந்து, நாற்றங்காலில் வளர்ந்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஏழு, எட்டு ஆண்டு உழைத்து விதையிலிருந்து வளர்த்தவர் அந்த விலைக்கு விற்க முடியாது. மலிவாக இருக்கிறதே என்று நாம் மகிழும் ஒவ்வொரு செடிக்கும் ஏதோ ஒரு காட்டில் ஒரு குழி இருக்கிறது.

மகளிடம் ட்ரில்லியத்தின் கணக்கைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஏழு வருஷமாப்பா? அதுக்குள்ள நாங்க வேற ஊருக்கு மாறிப் போயிட்டா?"

"போனா என்னம்மா? பின்னாடி வர்றவங்க பார்ப்பாங்க. ஓக் மரத்தை நீயா வச்ச?"

ஜூலையில் எதிர்வீட்டுப் பாட்டியம்மாவே ட்ரில்லியம் பழங்களும் தந்தார். சதையைக் கழுவி விதையைத் தனித்தொட்டியில் போட்டு, அதன் மேல் தேதியையும், இரண்டு குளிர்காலம் தொடாதே என்பதையும் தமிழில் எழுதி ஒட்டினாள் பேத்தி. எழுத்து கொஞ்சம் கோணல். தொட்டியைக் கொட்டப் போகிற கையைத் தடுக்க அது போதும்.

நியூ இங்கிலாந்திலும் ஒன்டாரியோவிலும் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பின்புறமும் ஓக்கும் மேப்பிளும் நிழல் விரித்திருந்தால் புல்லோடு போராடுவதை நிறுத்திவிடுங்கள். இலையுதிர் காலத்தில் சருகை வாரிப் பையில் கட்டித் தெருவில் வைக்காமல் மரத்தடியிலேயே விடுங்கள். அக்கம்பக்கத்தில் யாரிடம் இந்தப் பூக்கள் இருக்கின்றன என்று விசாரித்து, அனுமதி கேட்டு, ஜூனிலும் ஜூலையிலும் புது விதை வாங்கி அன்றே போடுங்கள். காட்டிலிருந்து பறிக்காதீர்கள். செடியாகத்தான் வேண்டுமென்றால், வாங்கும் முன் கடைக்காரரிடம் இது விதையிலிருந்து வந்ததா, யார் விதைத்தது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.